எம்.டி. சார் உள்ளே இருக்கிறார்

கோப்பையில் டீ இல்லை.

காலையில் அவள்தான் அரைக் கோப்பை ஊற்றி வைத்திருந்தாள். எப்போதும் அரைக் கோப்பைதான். முழுக் கோப்பை வைத்தால் யாரும் தொடாதது போலிருக்கும், காலிக் கோப்பை வைத்தால் ஆள் கிளம்பிவிட்டது போலிருக்கும். அரைக் கோப்பை இருந்தால்தான், குடித்துக்கொண்டிருந்தவர் இதோ வந்துவிடுவார் என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். சாயங்காலம் பூட்டும்போது அதைக் கொட்டிக் கழுவி வைப்பதும் அவள் வேலைதான். அன்று உள் அறைக்குப் போனவள், கோப்பையின் அடியில் டீத்தூள் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எறும்பு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எந்த ஊர் எறும்பு அரைக் கோப்பை டீ குடிக்கும்? நினைப்பதற்கு வேறொன்றும் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் அந்த அலுவலகத்தில் எம்.டி. என்று யாரும் கிடையாது. அவள் அக்காள் புருஷன், அதாவது அத்தான், காகிதத்தில் உண்டாக்கிய ஆள் அவர். விமான உதிரிபாகம் வாங்கி விற்கும் கம்பெனி. திசை காட்டும் கருவி, இன்ஜினுக்குள் சூடு பார்க்கும் கருவி என்று சிலவற்றை, செய்கிற நாட்டுக்காரர்கள் கேட்டவருக்கெல்லாம் விற்க மாட்டார்கள். யார் வாங்குவது, எந்த விமானத்துக்கு என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பயணிகள் விமானத்துக்கு என்று இந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்து வாங்கும். பெட்டி வந்து இறங்கிய கையோடு வேறு சீட்டு ஒட்டிக்கொண்டு, விற்கவே கூடாது என்று சொல்லப்பட்ட இடத்துக்குப் பறந்துவிடும். அங்கே அது எந்த விமானத்தில் ஏறுகிறது, அந்த விமானம் எதைக் கொண்டுபோய் யார் தலையில் போடுகிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் சோறு இறங்காது.

வாங்கியவர் நிஜமாகவே இருக்கிறாரா என்று பார்க்க எப்போதாவது ஆள் வரும். "ரூம்ல ஒரு ஆள் இருக்கிற களை வேணும்" என்று அத்தான் சொன்னது அதற்காகத்தான். அந்தக் களையைக் கொண்டுவருவதில் அவளுக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. நாற்காலி முதுகில் ஒரு கோட். மடித்த செய்தித்தாள் மேல் மூக்குக்கண்ணாடி. மேஜைக்கடியில் ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. இருமல் மிட்டாய் சுற்றிவந்த காகிதம் இரண்டு, கசக்கி. போனில் யாராவது கேட்டால், சாருக்குத் தொண்டை கட்டியிருக்கு, இப்பதான் கீழே போனார், சர்க்கரை கம்மியா டீ சொல்லிட்டுப் போனார் என்று வாய் தன்பாட்டுக்கு அளக்கும். "கட்டின பொண்டாட்டிகூட அவரை இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்க மாட்டாடி" என்று அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

டீக்கு அப்புறம் அந்தப் பெருமை போய்விட்டது. மறுநாள் கண்ணாடி செய்தித்தாளின் இந்தப் பக்கம் இருந்தது. செய்தித்தாள் வேறு பக்கத்தில் மடிந்திருந்தது. கோட்டின் தோள்கள், சும்மா தொங்கும் துணிக்குரிய சோர்வு இல்லாமல், சற்றே தூக்கி நின்றன. எதிரே பல் டாக்டரின் கிளினிக்; கிராம்புத் தைல வாடையும் பல்லைக் குடையும் மெஷினின் கீச்சொலியும் நாளெல்லாம் அந்த நடையில் சுற்றிக்கொண்டிருக்கும், பல் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கன்னத்தைப் பிடித்தபடி நுழைகிறவர்களைத் திருப்பி அனுப்புவதே அவளுக்குப் பாதி வேலை. இப்போது அந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடை வந்தது. நனைந்து காயாத துணி. இருமல் மிட்டாய். யாரோ வெகுநேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மூடிய அறையின் புழுக்கம். அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

டீ வைப்பதை நிறுத்திப் பார்த்தாள். மத்தியானம் எட்டிப் பார்த்தபோது கோப்பையில் பாதி டீ இருந்தது. தொட்டாள். சுட்டது.

அன்றைக்கே அத்தானுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், உள்ள யாரோ இருமுறாங்க."

"பல்லு பிடுங்க வந்தவன் எவனாவது இருமுவான்."

"இல்ல அத்தான். நம்ம ரூம்ல."

"நல்லதாப் போச்சு. ஆள் இருக்கிற மாதிரிதானே இருக்கணும்?" அவர் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "இங்க பாரு, இந்த வாரம் செக்கிங் வராங்க. இந்தத் தடவை லேசுல விட மாட்டாங்களாம். நான் உள்ள போனா உன் அக்காவும் பிள்ளைங்களும் தெருவுலதான் நிக்கணும். நீயும்தான். சொதப்பிடாதே."

அவள் தங்கியிருந்ததே அக்கா வீட்டில்தான். அக்காவின் சின்னவன் ராத்திரி அவள் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அதிகாரி வந்தது ஒரு வெயில் நேர மத்தியானம். லிஃப்ட் வேலை செய்யாததால் படியேறி வந்த, வயதான, மேல்மூச்சு வாங்குகிற மனிதர். உட்காரும் முன் தண்ணீர் கேட்டார். டம்ளரைத் திருப்பித் தரும்போது, "ரொம்ப நன்றிம்மா" என்றார். இந்த வேலைக்கு வருகிறவர்கள் யாரும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை.

"எம்.டி.யைப் பார்க்கணும்."

"இப்பதான் சார் வெளியே போனார்."

"போன தடவை வந்தவர்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கீங்க. பரவாயில்ல, நான் காத்திருக்கேன். வீட்டுக்குப் போனா எப்படியும் கடைக்குத்தான் அனுப்புவாங்க." சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஆள் பார்க்க எப்படி இருப்பார்?"

அவள் வாயைத் திறந்தாள். கோட்டின் அளவு தெரியும். செருப்பு எந்தப் பக்கம் தேயும், டீக்கு எவ்வளவு சர்க்கரை, இருமல் எந்த நேரத்தில் கூடும், எல்லாம் தெரியும். முகம்? முகத்தை அவள் யோசித்ததே இல்லை. இத்தனை நாளில் அந்த மனிதருக்கு எல்லாவற்றையும் கொடுத்தவள், முகம் மட்டும் கொடுக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினார். "அம்மா, இல்லாத ஆளுக்காக நீங்க ஏன் மாட்டிக்கறீங்க? அந்தச் சாமான் போய்ச் சேர்ற இடத்துல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தர் இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களை இதுல இழுக்க மாட்டேன்."

வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அக்கா முகம் வந்து குறுக்கே நின்றது. சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் இந்த அறை வேண்டாம், அந்த வாடை வேண்டாம். அவள் மூச்சை இழுத்தாள்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

நாற்காலி கிறீச்சிட்டது. மேஜைக்கடியில் செருப்பைத் தேடும் காலின் சரசரப்பு.

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. "அட, உள்ளதான் இருக்காரா!" வெட்கப்பட்டதுபோல் கழுத்தைத் தடவிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்கம்மா. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

அவர் எழுந்தார். போகாதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் யாருமில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். யாருமில்லாத இடத்தில் என்னவோ இருக்கிறது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நொடியில் அவளுக்குள் பரவியது நிம்மதி. வெட்கம் கெட்ட, பச்சை நிம்மதி. அத்தான் தப்பித்தார். அக்கா தப்பித்தாள். அவள் வாயே திறக்கவில்லை.

கதவு மூடிக்கொண்டது.

"வணக்கம் சார்" என்று அதிகாரியின் குரல் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி..." என்றது அதே குரல். முடிக்கவில்லை.

எதிரே பல் மெஷின் நின்றுவிட்டது. நடையில் ஆள் அரவமே இல்லை. ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு சத்தம். மெதுவாக. திரும்பவும். கால் ஒன்று தரையை உதைத்தது. உதைத்தது. நின்றது.

ஓடு. படி அங்கேதான். ஓடு. ஆனால் உள்ளே போனவர் அவளுக்கு நன்றி சொன்ன மனிதர். அவளை நம்பித்தானே போனார்.

"உள்ள வாம்மா."

இருமல் கட்டிய குரல். இத்தனை நாள் போனில் அவள் வர்ணித்த அதே குரல்.

தள்ளினாள். கதவு திறந்தது.

எதிர் நாற்காலி காலி. பக்கத்தில் அதிகாரியின் பை கவிழ்ந்து கிடந்தது. அவர் எங்கும் இல்லை. கோட் நிறைந்திருந்தது. கழுத்து வரை நிறைந்து, அதற்கு மேல் ஒரு முகம் இருந்தது.

அதிகாரியின் முகம். சரியாகப் பொருந்தவில்லை. சின்னத் தலையணைக்குப் பெரிய உறை போட்டாற்போல் தாடையோரம் மடிந்து தொங்கியது. உதடுகள் நிதானமாக, பழகிப் பார்ப்பது போல, விரிந்தன.

"இப்ப சொல்லு. பார்க்க எப்படி இருக்கேன்?"

வாய் சிரித்தது. கண்கள் சிரிக்கவில்லை. அவை இன்னும் அவருடையவை. ஈரமாய், அகல விரிந்து, இமைக்க முடியாமல், அவளையும் திறந்திருந்த கதவையும் அவை மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தன.