உள்ளே இருப்பவர்: ஒருவர்

குளிர்பதனக் கிடங்கின் வாசலில் அவர்கள் வண்டியை நிறுத்தியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் புரோகிராமர், அவள் கணவன் எலக்ட்ரீஷியன். இயந்திரத்துக்கு மூளை கெட்டால் அவள், நரம்பு கெட்டால் அவன் என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. சண்டை போடாமல் இருவரும் முடித்த வேலை ஒன்றுகூட இல்லை.

சூப்பர்வைசர் உள்ளே அழைத்துப்போனார். நீண்ட நடை. சுவரெல்லாம் ஈரம். பழைய ஐஸும் துருவும் கலந்த ஒரு வாடை மூக்கிலேயே தங்கியது. நடையின் கோடியில் கனத்த இரும்புக் கதவு, அதற்கு முதுகைக் காட்டி உட்காரும்படி ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும்.

"உள்பக்கக் கருவியில கார்டைத் தேய்ச்சா 'உள்ளே'ன்னு பதிவாகும். வெளியில தேய்ச்சா 'வெளியே'. உள்ள ஒருத்தர் இருந்தாலும் குளிர் ஊதுற விசிறி நின்னுடும். யாரும் இல்லன்னாதான் விசிறி ஓடும், கதவு பூட்டிக்கும். பூட்டிட்டா வெளியிலேர்ந்து இந்தக் கம்பியைத் தூக்கினாதான் திறக்கும்," என்றார். "இப்ப அறை காலியா இருந்தாலும் ஒருத்தர் இருக்கார்னு காட்டுது. சரக்கெல்லாம் கெட்டுப்போகுது."

"யார்னு காட்டுது?"

அவர் குரலை இறக்கினார். "மூட்டை தூக்குறவர் ஒருத்தர். போன வருஷம் உள்ளயே மாட்டிக்கிட்டு செத்துட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவரைப் பற்றிய பேச்சாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள்.

கருவியைப் பார்க்கக் கணவன் உள்ளே போனான். அவள் உட்கார்ந்தாள். யாரோ சி மொழியில் எழுதிவைத்த பழைய புரோகிராம். டேட்டாபேஸில் படிக்கும், எழுதும். படித்ததை அப்படியே நம்பி விசிறியை ஓட்டும், கதவைப் பூட்டும். படிக்கும் கட்டளையை ஓட்டிப் பார்த்தாள். 'உள்ளே' என்று இரண்டு வரிகள் வந்தன. ஒன்று கணவனுடையது. மற்றது அந்த மூட்டைக்காரருடையது.

"இத்தனை நாளா இந்த வரியை என்ன பண்ணீங்க?"

"அழிச்சோம். கொஞ்ச நேரம் நல்லா ஓடும். திரும்ப வந்துடும். திரும்ப அழிப்போம்."

"'வெளியே'ன்னு மாத்திப் பாக்கலயா?"

"அது யாருக்கும் தோணலம்மா," என்றவர் போன் அடிக்கவும் வெளியே போய்விட்டார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. செத்தவரானாலும் ஒரு மனுஷனை இப்படியா அழித்துக்கொண்டே இருப்பது? அவர் வெளியே வந்துவிட்டதாக எழுதும் கட்டளையைப் புரோகிராமில் சேர்த்து ஓட்டினாள்.

மாறிய வரி: ஒன்று.

மறுபடி படித்தாள். மூட்டைக்காரர், 'வெளியே'. அப்படியே நின்றது.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. பிடரியில் குளிர் பட்டது. நாற்காலி ஒன்று இழுபட்டு யாரோ உட்காரும் சத்தம்.

"முடிஞ்சிருச்சாங்க?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ம்."

"கார்டைத் தேய்க்காம வந்திருக்கீங்க. இன்னும் உள்ளதான் இருக்கீங்கன்னு காட்டுது. இந்த மறதி போகவே போகாதா?"

"ம்."

வழக்கமாக அந்தக் கேள்விக்கு ஒரு சண்டையே வரும். அவள் அதைக் கவனிக்கவில்லை. கணவனின் வரியில் 'வெளியே' என்று தானே எழுதினாள். மாறிய வரி: ஒன்று. விசிறி உறுமியது. கதவு 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

படித்தாள். கணவன், 'உள்ளே'. விசிறி நின்றது.

பிடிவாதக்காரி. மறுபடி எழுதினாள். விசிறி ஓடியது. படித்தாள். 'உள்ளே'. எழுதினாள், படித்தாள், எழுதினாள். விசிறி ஓடுவதும் நிற்பதுமாக நேரம் போனது.

சட்டென்று விரல்கள் நின்றன.

வரி தானாக வராது. உள்பக்கக் கருவியில் யாராவது கார்டைத் தேய்த்தால்தான் வரும்.

யாரோ தேய்க்கிறார்கள்.

அவள் கணவனின் கார்டை.

போன வருஷம் அந்த மனுஷனும் இப்படித்தானே தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருப்பார்! இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ பிழை என்று நினைத்து...

அவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது. ஈரமான, கட்டை போன்ற கை.

"அழிச்சிடு," என்று காதருகே ஒரு குரல் முணுமுணுத்தது. "எல்லாரும் அதைத்தான் பண்ணாங்க."

கையை உதறிக்கொண்டு ஓடினாள். கம்பியைத் தூக்கினாள். கதவு திறந்ததும் கணவன் அவள்மேல் சரிந்தான். உதடெல்லாம் நீலம். கார்டு விரல்களுக்குள் இறுகிக் கிடந்தது.

"எத்தனை தடவ தேய்ச்சேன்... ஏன்டி பூட்டின?"

அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மேஜையருகே இழுத்துப்போட்டிருந்த அந்த இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் கார்டை வாங்கி வெளிக்கருவியில் தேய்த்துவிட்டு, அவனை எப்படியோ நடத்திக் கொண்டுவந்து வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்து, கிடைத்த துணியையெல்லாம் போர்த்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மனசில் வேறு எதுவும் ஓடவில்லை. கிளம்பும்போது சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"விசிறி நிக்காம ஓடுதும்மா! உள்ள ஒருத்தரும் இல்லன்னு காட்டுது. எங்க போனார் நம்ம மூட்டைக்காரர்?"

"வெளிய வந்துட்டார்," என்றாள்.

வண்டியை முடுக்கினாள். பின்னால் எடுப்பதற்காகத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பாதை தெரியவில்லை. அந்த உச்சி வெயிலில், வண்டியின் பின்கண்ணாடி முழுக்க, உள்பக்கமாகப் பனி பூத்திருந்தது.