ரங்கன் கொண்டுவந்த வெள்ளைப் பொடி

"எம் பொண்டாட்டி மேல ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேங்க ஐயா. அதுக்கு முன்ன நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

போளூரில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அருணகிரியின் வீட்டுக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான் ஜவ்வாது மலை ரங்கன். மேசையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தான். மூன்று வயது மகள் தமிழ்மணியின் சட்டையிலிருந்து சுரண்டிய வெள்ளைப் பொடி. மூத்த மகன் போன சித்திரையில் வாந்தியெடுத்துச் சுருண்டு செத்துப்போனான். இந்தச் சித்திரையில் மகளும் அதேபோலச் சுருள்கிறாள். மனைவி ரம்யாதான் மருந்து வைக்கிறாள் என்று ஊரே பேசுகிறது. மகளைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் தாய் வீட்டுக்கு விரட்ட முடிவாகியிருந்தது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சுவேதாவுக்கு அருணகிரியோடு துப்புத் துலக்கக் கிளம்புவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பத்து மணிக்குள் பொடியைச் சோதித்து வந்துவிட்டாள். ஆனால் முகம் தொங்கிப்போயிருந்தது.

"விஷமெல்லாம் இல்ல சார். வெறும் உப்பு."

"அதுக்கா இவ்ளோ வருத்தம்?" என்ற அருணகிரி ரங்கனிடம் திரும்பினார். "கொழந்தைக்கு யாருப்பா ஊட்டறது?"

"பத்து நாளா நான்தாங்க. அவ கையால ஒரு வாய் தர்றதில்ல. ஒடம்புல உப்பு பூக்குதேன்னு உப்பில்லாத சாமக் கஞ்சிதான் ஊத்தறேன். பெரியவனுக்கும் அப்டித்தான் குடுத்தோம்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா? அங்க இன்னா பண்ணாங்க?"

"சலைன் ஏத்துனாங்க. ரெண்டு மணி நேரத்துல எழுந்து ஒக்காந்துக்கினா. வூட்டுக்கு வந்தா மறுபடியும் சாஞ்சுட்றா."

அருணகிரி உடனே செருப்பை மாட்டினார்.

சுவேதாவின் காரில் மூவரும் மலையேறியபோது வெயில் கொளுத்தியது. வீட்டு ஓரமாக, குழந்தையைத் தொட அனுமதியில்லாமல் நின்றிருந்தாள் ரம்யா. கொடியில் ஆறு துணிகள் காய்ந்தன. வீட்டு ஆடு மற்றவற்றை விட்டுவிட்டுக் குழந்தையின் சட்டையை மட்டும் நக்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் தமிழ்மணி இருமினாள்.

"சுவேதா, கொழந்த கையை நல்ல தண்ணில தொடச்சு, யாரும் தொடாம பாத்துக்க" என்றார் அருணகிரி.

சுவேதா கண் கொட்டாமல் காவலிருந்தாள். வேர்த்தது, காய்ந்தது. அந்தச் சின்னக் கையில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. இவ்வளவு நேரமும் ஒரு கொலைகாரியைத்தானே தேடினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"உப்பு வெளியிலேர்ந்து வரல ரங்கா" என்றார் அருணகிரி. "வேர்வை சுரப்பியோட அடில ஊறும்போது ரத்தம் மாதிரியே உப்பா இருக்கும். மேல வர்ற குழாயோட சுவர்ல புரதத்தாலான வாசலுங்க இருக்கு. அதுங்க உப்பைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். உப்புன்னா சோடியமும் குளோரைடும் சேந்தது; இவளுக்குக் குளோரைடு வாசல் தொறக்கல போலருக்கு. சோடியமும் அதோட வெளிய போயிடுது. சலைன்ங்கறது உப்புத் தண்ணி, அதான் தேறினா. யாராவது மருந்து வச்சிருந்தா, நீ ஊட்டுன பத்து நாள்ல தேறியிருக்கணுமே? நீயோ உப்பை நிறுத்தியிருக்க."

ரங்கன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அவ வயித்துலேர்ந்து வந்த கோளாறாங்க?"

"அவகிட்டேருந்து பாதி. உன்கிட்டேருந்து பாதி. ரெண்டும் சேந்தாதான் வரும். நீ மாமன் மகளைத்தானே கட்டியிருக்க, ஒரே ரத்தத்துல வர்ற கோளாறு ரெண்டு பேர்கிட்டயும் மறைஞ்சிருக்கும். வேலூர்ல வேர்வைச் சோதனை பண்ணி உறுதிப்படுத்திக்கலாம். இப்பவே கெளம்புங்க."

சுவேதா பையிலிருந்த உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து, ரங்கனைத் தாண்டிப் போய் ரம்யாவிடம் நீட்டினாள். பத்து நாள் கழித்து மகளை மடியில் போட்டுக்கொண்டாள் ரம்யா. தமிழ்மணி டம்ளரைக் கீழே வைக்க விடவில்லை.

"அவன் திருட்டுத்தனமா உப்பு தின்னுவான் ஐயா" என்றாள் ரம்யா, யாரையும் பார்க்காமல். "மூத்தவன். உப்புப் பானைகிட்ட ஓடுவான். இவரு திட்டுவாரு. நான் கையிலேயே அடிப்பேன்."

ரங்கன் எழுந்துபோய் உப்புப் பானையை ரம்யாவின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். சுவேதா காரை எடுக்கப் போனாள்.