ஜெரால்டின் முழங்கால்

"முழுசாத் திருப்பிடு. பாதியெல்லாம் வேணாம்," என்றாள் பூரணி, ஜெரால்டு கட்டியிருந்த இடுப்புப் பட்டையின் திருகைக் காட்டி.

"ரெண்டு பேர் களைப்பையும் நீ ஒருத்தியே சுமப்பியா? மூச்சு முட்டிரும் பூரணி!"

"என் மூச்சை நான் பாத்துக்கறேன். நீ ஒரு வாரமா நொண்டிட்டு இருக்க. இன்னைக்கு விட்டா ஆசிய நடனக் கோப்பை இந்த ஜென்மத்துல நமக்கு இல்லடா."

அவன் திருகை முழுதாகத் திருப்பினான்.

அந்தப் பட்டைக்கு நோவுப்பாலம் என்று பெயர். ஒருவர் தண்டுவடத்தில் ஏறும் வலியையும் களைப்பையும் வழிமறித்து, ஜோடிப் பட்டை அணிந்தவரிடம் இறக்கிவிடும். உடம்பின் வேலை அங்கேயேதான் நடக்கும். உணர்வு மட்டும் முகவரி மாறும். பிரசவ அறையில் கணவன்மார் அலறுவதும், மனைவிமார் "சும்மா கத்தாதீங்க" என்று அதட்டுவதும் இப்போது சகஜம். நடனக்காரர்கள் மட்டும் விடுவார்களா?

ஜோடி நடனம் என்றால் பூப்போல மிதப்பது என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடிப் பார்க்கட்டும்! தோள் உயரத்தில் பிடித்த கை இறங்கக் கூடாது, முதுகு வளையக் கூடாது. கெண்டைக்கால் தீயாய் எரியும், நெஞ்சு வெடிக்கப் பார்க்கும். அத்தனைக்கும் நடுவில் சிரிக்கவும் வேண்டும். முகம் சுளித்தால் மதிப்பெண் போச்சு. பூரணி சின்ன வயதிலிருந்தே இதில் ஊறியவள். வலித்தால் அவள் உதடு தானாக விரியும்.

கோவை உள்ளரங்கில் பாட்டு தொடங்கியது. அடடா, ஜெரால்டு ஆடினானே ஓர் ஆட்டம்! நொண்டியவன் இவன்தானா என்று நடுவர்களே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். சுழன்றான், தாவினான், பூரணியைத் தூக்கிச் சுற்றி இறக்கினான். களைப்பே தெரியவில்லை அவனுக்கு. அதையும் சேர்த்து அவள்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

பாதி ஆட்டத்தில், அவன் தாவி இறங்கியதும், பூரணியின் வலது முழங்காலுக்குள் பட்டென்று ஏதோ அறுந்தது. கண் இருட்டியது. அவனுடைய வலி என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு வலிக்காமல் போனதே, அது போதும் என்று பல்லைக் கடித்து இன்னும் அழகாகச் சிரித்தாள். அவன் மறுபடி தாவினான். அவள் மறுபடி சிரித்தாள்.

ஜெயித்தார்கள்! அரங்கம் கிடுகிடுத்தது. ஜெரால்டு கோப்பையை வாங்க மேடைக்கு ஓடினான்; பூரணி ஆடிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். போட்டி மருத்துவர் ஓடிவந்து அவள் முழங்காலை அழுத்திப் பார்த்தார்.

"கால் நல்லாத்தானுங்களே இருக்குது?"

"இது அவனோட வலி டாக்டர்."

மருத்துவர் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி ஜெரால்டு குதித்துக்கொண்டிருந்தான். அவன் வலது முழங்கால் கால்சட்டைக்கு வெளியே தெரியும்படி வீங்கியிருந்தது.

"ஆட்டத்துலயே வந்துச்சா? அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? அதான் நான் தாங்கிட்டேனே!" பெருமையாகத்தான் சொன்னாள்.

"தாங்குனது நீங்க. கிழிஞ்சது அவருக்குங்க. நில்லுடான்னு அவரு உடம்பு கத்தியிருக்குது. அதைக் கேட்டுட்டு நீங்க சிரிச்சிருக்கீங்க."

பூரணி மேடைப் பக்கம் திரும்பினாள். "டேய் ஜெரால்டு! குதிக்காதடா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இரைச்சலில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கையாட்டிவிட்டு இன்னும் உயரமாகக் குதித்தான். அந்தக் குதிப்பும் அவள் காலுக்குள்தான் வந்து இறங்கியது.

"பட்டையை அணைங்க," என்றார் மருத்துவர். "வலிச்சாத்தான் அவரு நிப்பாரு."

பூரணி தன் இடுப்பிலிருந்த ஜோடிப் பட்டையை அணைத்தாள். அவள் கால் ஒரே நொடியில் லேசானது. மேடையில் "அம்மா!" என்று ஓர் அலறல். ஜெயித்த சந்தோஷத்தில் கத்துகிறான் என்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.