மொட்டைப் பனையின் சத்தம்

"ஊ... ஊம்ம்ம்..."

பின்னேரம் ஐந்தரை மணி. வீட்டுக்குப் பின்னால் இருந்த பனங்கூடலில் ஆட்டை அவிழ்க்கப் போன மிரியம் அப்படியே நின்றுவிட்டாள். ஆளரவமே இல்லை. மரங்களுக்கு இடையில் இருட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போன்ற சத்தம். மேலிருந்து வருகிறதா, மண்ணுக்குள் இருந்து வருகிறதா? ஆடு வெள்ளச்சி மட்டும் தனக்கென்ன என்று அசைபோட்டுக்கொண்டு நின்றது.

மிரியம் ஆட்டை விட்டுவிட்டு ஓடினாள்.

அம்மா அறைக்குள் படுத்திருந்தார். அப்பா இறந்து ஐந்து மாதம். அன்றிலிருந்து அம்மா வாசலைத் தாண்டவில்லை. சமைப்பார், இரண்டு வாய் சாப்பிடுவார், திரும்பவும் படுத்துவிடுவார். அம்மாவும் இல்லாமல் போய்விடுவாரோ என்று மிரியத்துக்கு ஒவ்வொரு நாளும் பயம்.

"அம்மா, பனங்கூடலுக்குள்ளை ஆரோ அழுகினம்! என்னோடை வாங்கோ!"

"காத்தாயிருக்கும், பிள்ளை."

"காத்து அழுமோ? வெள்ளச்சி அங்கை தனிய நிக்குது. எனக்குப் பயமாக் கிடக்கு."

அம்மா எழும்பினார். அவருடைய செருப்புக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது.

பனங்கூடலில் சத்தம் மறுபடியும் கேட்டது. அம்மா மிரியத்தின் கையை இறுக்கிப் பிடித்தார். இருவரும் ஆட்டை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள். அன்று அம்மா இன்னும் கொஞ்சம் பிட்டுப் போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாளும் மிரியம் கூப்பிட்டாள். அம்மா வந்தார். மூன்றாம் நாள், விழுந்து கிடந்த பனம்பழம் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

ஐந்தாம் நாள், பள்ளிக்கூடம் விட்டதும் மிரியம் தனியாகவே போனாள். சத்தம் ஒரு மொட்டைப் பனையிலிருந்து வந்தது. சண்டைக் காலத்தில் செல் குண்டு பட்டுத் தலை போன மரம். அதில் ஒரு பொந்து; காற்று அதற்குள் புகுந்துகொண்டிருந்தது. மிரியம் கையால் பொத்தினாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள்.

"ஊம்ம்ம்..."

"ஓ, நீதானோ ஆள்!"

அம்மாவிடம் சொல்ல ஓடினாள். பாதி வழியில் நின்றாள். சொன்னால் அம்மா நாளைக்கு வருவாரா?

"அம்மா, இண்டைக்கும் பயமாக் கிடக்கு," என்றாள்.

இப்படியே ஒரு மாதம். அம்மாவுக்கு இரவில் நித்திரை வந்தது. தலையை வாரிக் கட்டினார். ஒருநாள் வெள்ளச்சி சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்தபோது வாய்விட்டுச் சிரித்தார். மிரியத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு பெருமழை வந்தது. மொட்டைப் பனை சரிந்து விழுந்தது. காலையில் அம்மாவும் மிரியமும் வேலியருகே நின்று அதைப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் மிரியம் வாசலில் நின்றாள். காற்று இல்லை. ஓர் ஓலைகூட அசையவில்லை. சத்தமே இல்லாத பனங்கூடல் அன்றுதான் கூடுதலாகப் பயமுறுத்தியது. இனி என்ன சொல்லி அம்மாவைக் கூப்பிடுவது?

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"வா, பிள்ளை. ஆரோ அழுகினம். உனக்குக் கேக்கேல்லையோ?"

மிரியம் திரும்பிப் பார்த்தாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"ஓம் அம்மா, நல்லாக் கேக்குது. கெதியா வாங்கோ!"