நாற்பதாவது நிமிடம்

"ஏங்க... குடையை வெளியிலயே ஒதற மாட்டீங்களா?"

இசைவாணி திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் உதறிய குடைத் தண்ணீர் முழுவதையும் வாங்கிக்கொண்டு வாசலில் ஒருவன் நின்றிருந்தான். நெற்றியில் ஒட்டிய முடி. மூக்கு நுனியில் விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு துளி. கையிலிருந்த விண்ணப்பத்தில் மை கரைந்து நீலமாக வழிந்துகொண்டிருந்தது.

"சாரி... பாக்கலை."

"பேரே போச்சுங்க. பாதிதான் மிச்சம் இருக்கு."

"பாதிப் பேரோடவே ஆடுங்க. ஜெயிச்சா மீதியைச் சேத்துக்கலாம்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆளிடம் இதென்ன வாய்! ஆனால் கோபப்பட வேண்டிய அந்தக் கண்கள் சிரித்தன. மழையில் நனைந்த கரிய கண்கள்... அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், ஐப்பசி மாதம். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு சின்ன மண்டபம். கம்ப்யூட்டர் கடை ராஜாமணி முதன்முறையாக நடத்தும் விளையாட்டுப் போட்டி. 'கிங்டம்' என்ற விளையாட்டு. மரம் வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, படை திரட்டி, எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை அவள் ஒருத்திதான் பெண்.

அவள் கடலூர் முதுநகர்க்காரி. எம்.சி.ஏ. கடைசி வருடம். அப்பா ஞானசேகரனுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகளுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் விண்டோஸைச் சும்மாவே போட்டுத் தருவதாகச் சொன்னார். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"காசு குடுக்காம வந்த சாமான் நம்ம வீட்டுக்குள்ள வேணாம்."

அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அது எல்லாருக்கும் இலவசமாகவே தருவது, திருட்டு இல்லை. ஆனால் உதவித்தொகையில் அவள் ஆசை ஆசையாக வாங்கிய 'கிங்டம்' சி.டி. விண்டோஸுக்கு மட்டுமே ஆனது! விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட வைக்கிற ஒரு மென்பொருளைப் பிடித்து, இரண்டு மாதம் மல்லுக்கட்டி, ஒருவழியாக ஓட வைத்தாள். ஓடியது... சரியாக நாற்பது நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் திரை கறுத்துச் செத்துவிடும். எத்தனை தடவை முயன்றாலும் அதே நாற்பது.

அதற்குமேல் அந்த விளையாட்டில் என்ன இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. அதனால் நாற்பதுக்குள் ஜெயிக்கக் கற்றுக்கொண்டாள். எதிராளி சுவர் எழுப்பும் முன்பே வாசலில் போய் நிற்பாள். அன்றைக்கும் அப்படித்தான். நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் அரைமணிக்குள் எழுந்து போனார்கள்.

இறுதி ஆட்டத்துக்கான பெயர்களைப் பலகையில் எழுதினார்கள். இசைவாணி, கடலூர். உத்திரா, சிதம்பரம்.

அட, இன்னொரு பெண்! நிம்மதியாக அப்பாவுக்குப் போன் போட்டாள். "ஃபைனல் வந்துட்டேன்பா! எதிர்ல ஆடறதும் பொண்ணுதான்பா."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிர் நாற்காலியில் அந்த மூக்குத் துளிக்காரன்.

"இது உத்திராவோட சீட்டு."

"நான்தாங்க அது. முழுப் பேர் உத்திராபதி. நீங்கதானே தண்ணி தெளிச்சு பாதியாக்குனீங்க..."

காது மடல் சுட்டது அவளுக்கு. இரண்டு மானிட்டர்களும் முதுகோடு முதுகாக இருந்தன. நடுவில் ஒரு கை அகல இடுக்கு. அதன் வழியே அவன் முகத்தில் பாதி தெரிந்தது. பார்க்கக் கூடாது... பார்க்கவே கூடாது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது.

அவன் மற்றவர்களைப் போல் இல்லை. அவள் படை வாசலுக்குப் போவதற்குள் அங்கே சுவர் எழும்பியிருந்தது. கிழக்கே போனாள், வில்லாளிகள் காத்திருந்தார்கள். தெற்கே போனாள், பாலத்தை உடைத்து வைத்திருந்தான். இருபது நிமிடம்... முப்பது... உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. முப்பத்தைந்து. முதுகுக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியது, யாருடைய மூச்சோ பிடரியில் பட்டது. முப்பத்தெட்டு. வரைபடத்தின் ஓரத்தில் அவனுடைய குதிரைகள் சாரிசாரியாகக் கிளம்புவது தெரிந்தது. அறுபது குதிரைகளாவது இருக்கும். எல்லாம் அவள் கோட்டையை நோக்கி...

நாற்பது.

காதுக்குள் இசை மாறியது. இதுவரை கேட்டேயிராத முரசு. அவள் விரல்கள் தாமாக மவுஸை விட்டன. கைகள் மடிக்குப் போயின, கண்கள் மூடின. இருட்டுக்காகக் காத்திருந்தாள். வீட்டில் எத்தனை நூறு தடவை நடந்தது இது! முடிந்தது... எல்லாம் முடிந்தது...

முரசு நிற்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ! மெல்லக் கண்ணைத் திறந்தாள். மண்டபத்துக் கம்ப்யூட்டர் விண்டோஸ் அல்லவா... திரை உயிரோடு இருந்தது! மரங்கள் அசைந்தன, வயலில் ஆட்கள் வேலை செய்தார்கள். நாற்பதுக்குப் பிறகும் ஓர் உலகம் இருக்கிறது. அவளையும் அறியாமல் சிரித்துவிட்டாள். பிறகுதான் சுரணை வந்தது. மிச்சமிருந்த காலாட்படையைத் திரட்டி, காட்டைச் சுற்றிக்கொண்டு அவன் கோட்டைக்கு அனுப்பினாள், தன் கோட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே காவலே இல்லை. மூன்றே நிமிடத்தில் அவன் கோபுரம் சரிந்தது.

கைதட்டல். ராஜாமணி கோப்பையைக் கொடுத்தார். ஆட்டத்தின் பதிவையும் அவளுடைய பென் டிரைவில் போட்டுத் தந்தார்.

"ஏம்மா, நடுவுல கண்ணை மூடிட்டே? பதறிட்டேன்."

"என் சிஸ்டம் லினக்ஸ் சார். நாப்பது நிமிஷத்துல அணைஞ்சுடும். அந்தப் பழக்கம்..."

பக்கத்தில் நின்ற உத்திராபதி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் தோளில் கை போட்டான் அவன் நண்பன் கண்ணாயிரம்.

"இன்னா மச்சான்... பொண்ணுன்னதும் வுட்டுக் குடுத்துட்ட போலருக்கு!"

கூட்டம் சிரித்தது. இசைவாணிக்கு ரத்தம் தலைக்கேறியது. இல்லைன்னு சொல்லு... ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்... அவள் கண்கள் அவனிடம் கெஞ்சின.

அவன் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் மழையில் இறங்கி நடந்தாள் அவள்.

கோப்பை டி.வி. மேல் ஏறியது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா சொன்னார். "எம்பொண்ணு சொந்தமா ஜெயிச்சது!" அந்த 'சொந்தமா' அவளுக்குள் முள்ளாக ஏறியது. விட்டுக் கொடுத்து வந்த கோப்பை என்றால், அதுவும் காசு கொடுக்காமல் வந்த சாமான்தானே?

தெரிந்தாக வேண்டும். பதிவைப் போட்டுப் பார்த்தாள். ஆட்டம் அப்படியே மறுபடி ஓடியது. அவள் படை, அவன் சுவர், உடைந்த பாலம், கிளம்பும் குதிரைகள்... நாற்பது. திரை கறுத்தது.

மறுபடி போட்டாள், மறுபடி கறுத்தது. ஒரு நாள் முப்பத்தொன்பதில் கரண்ட் போயிற்று. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எந்த நிமிடம் வேண்டுமோ அந்த நிமிடத்தில் கண்ணைப் பொத்துகிறது இந்தக் கம்ப்யூட்டர்! பிரவுசிங் சென்டரில் பென் டிரைவைச் செருக விடவில்லை. கடைசியில், லினக்ஸ் ஆட்கள் சந்தேகம் கேட்கும் ஈமெயில் குழு ஒன்றில், கல்லூரி லேபிலிருந்து எழுதினாள். 'கிங்டம் பதிவு நாற்பதாவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. யாருக்காவது வழி தெரியுமா?'

நான்கு நாள் மௌனம். ஐந்தாம் நாள், பெயர் போடாத யாரோ ஒருவரிடமிருந்து பதில் வந்தது. நாற்பதாவது நிமிடத்தில் இசை மாறுகிறது, அந்த ஒரு பாட்டைத்தான் லினக்ஸால் வாசிக்க முடியவில்லை, அந்தப் பாட்டு ஃபைலை மட்டும் நீக்கிவிட்டால் ஓடும் என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை. நீக்கினாள், போட்டாள். முப்பத்தொன்பது ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொன்பது... நாற்பது. நாற்பது நிமிடம் ஒரு விநாடி!

ஓடியது. அவள் கோட்டை வாசலில் அவனுடைய அறுபது குதிரைகளும் வந்து நின்றன. உள்ளே நுழையத் தடையில்லை, ஒரு க்ளிக் போதும். ஆனால் நின்றன... நின்றுகொண்டே இருந்தன. மூன்று நிமிடம். அதற்குள் அவள் ஆட்கள் காட்டைச் சுற்றிப் போய்விட்டார்கள்.

ஆக, உண்மைதான்.

கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளே போய்க் கோப்பையை அவன் முகத்தில் எறிந்திருக்கலாம். ஏனோ போகவில்லை. புதன், வியாழன், வெள்ளி என்று தினமும் ஒரு தடவை அந்தப் பதிவைப் பார்த்தாள். கோபம் ஆறிவிடக் கூடாதாம்... அதற்காகத்தானாம். சனிக்கிழமை காலை கோப்பையைத் துண்டில் சுற்றினாள்.

"எங்கம்மா?" என்றார் அப்பா.

"சிதம்பரம்பா. ஒருத்தர் சாமானைத் திருப்பிக் குடுக்கணும்."

அப்பா டி.வி.யின் மேல் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "மழை ஜாஸ்தியா இருக்கு. பாத்துப் போ" என்றார்.

ராஜாமணியிடம் விலாசம் கேட்டுக்கொண்டு மேல வீதிக்குப் போனாள். ஜெராக்ஸ், டைப்பிங், டி.டி.பி. என்று எழுதிய சின்னக் கடை. அவன் மட்டும் இருந்தான். அவளைப் பார்த்ததும் நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றான்.

துண்டைப் பிரித்து, கோப்பையை டொக்கென்று மேஜையில் வைத்தாள். "இந்தாங்க. இது உங்களுது."

"எ... ஏங்க?"

"பதிவைப் பாத்துட்டேன். குதிரைங்க மூணு நிமிஷம் என் வாசல்ல என்ன பண்ணிச்சு? புல்லு மேஞ்சுதா?"

அவன் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். மழை தகரக் கூரையில் படபடத்தது.

"பொண்ணுன்னா பரிதாபமா? நான் கேட்டேனா? எங்கப்பா வர்றவங்க கிட்டெல்லாம் எம்பொண்ணு சொந்தமா ஜெயிச்சான்னு சொல்றாரு. எனக்கு எப்படி இருக்கும்?"

"சத்தியமா வுட்டுக் குடுக்கலைங்க."

"பின்ன?"

"நீங்க மவுஸ்லேர்ந்து கையை எடுத்துட்டீங்க. கண்ணை மூடிக்கிட்டீங்க. அதுவரைக்கும் புயல் மாதிரி ஆடின ஆளு, திடீர்னு அப்படி... உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். எழுந்து வரலாமான்னு அந்த இடுக்கு வழியா பாத்துட்டே இருந்தேன். அப்புறம் கண்ணைத் தொறந்தீங்க..." அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தொறந்து, சிரிச்சீங்க. அதுக்கப்புறம் எனக்குக் குதிரையும் தெரியலை, கோட்டையும் தெரியலை. கோபுரம் விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஸ்கிரீனையே பாத்தேன்."

கையில் முறுக்கிக்கொண்டிருந்த துண்டை இசைவாணி மேஜையில் வைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே... இல்லைன்னு ஒரு வார்த்தை?"

"இல்லைன்னு சொன்னா, பின்ன எப்படிடா தோத்தேன்னு கேப்பானுங்க. அத்தனை பேர் நடுவுல உங்களை எப்படிங்க இழுத்து வுடறது?"

அவள் பார்வையை எங்கோ திருப்பினாள். திருப்பிய இடத்தில் அவனுடைய கம்ப்யூட்டர். அவள் கண்கள் விரிந்தன.

"இது... லினக்ஸ் ஆச்சே!"

அவன் பதறிப்போய்த் திரையை மறைக்கப் பார்த்தான். பெரிய உருவம், சின்னத் திரை, அப்படியும் மறைக்கத் தெரியவில்லை.

"எப்போ போட்டீங்க?"

"போட்டி முடிஞ்ச மறுநாள். உங்களுக்கு நாப்பதுல ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான். சரியா ஓட வைக்கவே ஒரு வாரம் ஆயிடுச்சு. சந்தேகம் கேக்க ஒரு ஈமெயில் குழுவுல சேந்தேன்."

"அப்போ அந்தக் குழுவுல பேர் போடாம பதில் எழுதினது..."

அவன் தலையாட்டினான்.

"அறிவிருக்கா உங்களுக்கு? நீங்க அதை எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே! குதிரை நின்னதும் தெரியாது, எதுவும் தெரியாது!"

"தெரியட்டும்னுதான் எழுதினேன்." முதல்முறையாக நேராக அவள் கண்களைப் பார்த்தான். "நேர்ல வந்து சொல்ல தைரியம் இல்லை. அதைப் பாத்தா கோவத்துலயாவது கேக்க வருவீங்கன்னு... அஞ்சு நாளா வாசலையே பாத்துட்டு இருக்கேங்க. உங்களை எனக்குப் புடிச்சிருக்கு. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

சாரல் உள்ளே அடித்தது. மேஜையிலிருந்த தாள்கள் பறந்தன. இருவரில் யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"அப்போ இந்தக் கப்பு?" என்றாள் மெதுவாக.

"உங்களுது. ஆட்டத்துல அசந்தவன் தோத்தான். நியாயந்தானே?"

அவள் துண்டை எடுத்தாள். கோப்பையை நிதானமாகச் சுற்றிக்கொண்டே, அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"அப்பாகிட்ட நடந்ததை நடந்த மாதிரி சொல்லப் போறேன். கேட்டுட்டு உங்களை வரச் சொன்னாலும் சொல்லுவாரு, வரவே கூடாதுன்னாலும் சொல்லுவாரு. வரச் சொன்னா வருவீங்களா?"

"வருவேன். வரக்கூடாதுன்னாலும் ஒருதடவை வந்து கேட்டுட்டுப் போவேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். குடையை விரித்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"அந்தப் பதிவை நாலு தடவை பாத்தேன். மொதல் தடவைதான் கோவம்."

"மீதி மூணு?"

மழைச் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது. ஆனாலும் கேட்டது.

"அதுல உங்க குதிரைங்கதான் தெரியுது, நீங்க தெரிய மாட்டேங்கறீங்க... ஆனா உங்களைப் பாக்க எனக்கு வேற வழி இல்லையே."