சத்தம் எப்போது கேட்கும்

மதியம் இரண்டு பத்துக்குக் கார்த்திகா அந்த வீட்டுக்குள் வந்தாள். அரிமளத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் அதுவும் ஒன்று. உரிமையாளர்கள் சென்னையில் இருந்தார்கள். கண்காணிப்புக் கேமராவுக்காகப் போட்ட இணைய இணைப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்த சேவுகன் அவளுக்காக முன்கூடத்தில் ஒரு மேசை போட்டிருந்தார். வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்த வாடை ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

அவள் எம்.எஸ்சி. இயற்பியல். இணையத்தில் பாடம் சொல்லித்தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. மாணவர்கள் கணக்கைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அவள் படிப்படியாகச் செய்துகாட்ட வேண்டும். மாணவர் ‘புரிந்தது’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் கணக்கு முடியும். ஒரு மாதச் சோதனைக் காலம் அன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அப்போது ஒரு கணக்கு திறந்து கிடந்தாலும் வேலை இல்லை.

வேலை இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை இலுப்பூர்க்காரர்கள் அவளுக்குக் கல்யாணம் பேசிப் பூ வைக்க வருவார்கள். அண்ணன் குணசேகரன் காலையிலேயே சொல்லிவிட்டான். “ஆறு மணிக்கு மேல ஒரு பேச்சும் பேசக் கூடாது.”

இரண்டே முக்காலுக்கு அந்தக் கணக்கு வந்தது. அமுதவல்லி, பன்னிரண்டாம் வகுப்பு. நோட்டுத் தாளில் நீல மை.

ஒரு பொருள் கிணற்றில் விழுகிறது. அது அடியைத் தொடும் சத்தம் மேலே எத்தனை விநாடியில் கேட்கும்?

ஆழம் தரப்படவில்லை. கேட்டாள். தெரியாது என்று பதில் வந்தது. இருபது மீட்டர் என்று வைத்துக்கொண்டாள். விழ 2.02, சத்தம் மேலே வர 0.06. மொத்தம் 2.08 விநாடி.

‘தப்புக்கா. இன்னும் கேக்கலை.’

காற்றின் தடையைச் சேர்த்து, வகைக்கெழுச் சமன்பாடு எழுதி, தொகையிட்டு அனுப்பினாள். இரண்டு பக்கம்.

‘தப்புக்கா. இன்னும் கேக்கலை.’

நான்கு மணி. மற்ற பதினோரு கணக்குகள் முடிந்தன. இது மட்டும் சிவப்பாக நின்றது. வினாவே தவறு என்று எழுதினாள். அதே பதில். நிறுவனத்துக்கு எழுதினாள். மாணவர்தான் முடிக்க வேண்டும் என்று தானியங்கிப் பதில் வந்தது. மேசையில் ஓங்கி அடித்தாள்.

சேவுகன் எட்டிப் பார்த்தார். “கண்ணுல காணாத பிள்ளை மேல இம்புட்டுக் கோவமா? பக்கத்துல இருந்தா கொன்னேபுடுவ போல.”

“முட்டாளா இருந்தாப் பரவாயில்லண்ணே. விளையாடுறா.”

வினா எழுதிய தாளை முழுசாக, தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். மூன்று படங்கள் வந்தன, பத்துப் பத்து விநாடி இடைவெளியில் எடுத்தவை. தாள் மங்கலாக இருந்தது. தாளுக்குப் பின்னால் இருட்டு. இருட்டின் நடுவில் வெளிச்சமாக ஒரு சதுரம்.

இரண்டாவது படத்தில் சதுரம் சிறியது.

மூன்றாவதில் இன்னும் சிறியது.

அவளுக்குத் தெரிந்த வேலைதான். சதுரம் கிணற்றின் வாய் என்றால், அது சுருங்கும் வீதத்திலிருந்து விலகும் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். கிணற்றின் அகலம் பன்னிரண்டடி என்று வைத்துக்கொண்டாள். விநாடிக்கு ஐம்பத்து நான்கு மீட்டர் வந்தது. மறுபடி போட்டாள். அதேதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

காற்றில் விழும் மனித உடல் அதற்கு மேல் வேகம் எடுப்பதில்லை.

மாடியில் ஓயாமல் முனகிக்கொண்டிருந்த புறாக்களின் சத்தம் நின்றிருந்தது.

அது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்து ஐம்பது. பயத்தைவிட எரிச்சல்தான் முன்னால் வந்தது. இவள் ஒருத்தியால் இலுப்பூருக்குப் போக வேண்டுமா? கணக்கை விட்டுவிட்டுத் தட்டினாள். ‘இன்னும் ஐந்து நிமிடத்தில் கேட்கும். புரிந்தது என்று அழுத்து.’

‘நெசமாவாக்கா? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்ல?’

‘ஆமாம்.’

சிவப்பு பச்சையானது. ஐந்து நட்சத்திரம்.

அண்ணனுக்குப் போன் செய்தாள். இலுப்பூர்க்காரர்களை வர வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றான். அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

ஐந்து ஐம்பத்தைந்து.

தரைக்குக் கீழே ஏதோ விழுந்தது.

பெரிய சத்தம் இல்லை. நெல் மூட்டையை இறக்கிப் போட்டது போல, வெகு ஆழத்திலிருந்து. மேசை அதிர்ந்தது. மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. வாசலில் நின்ற சேவுகன் தரையையே பார்த்தார். செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தார்.

ஆறு மணி. அவளுடைய வேலை நிரந்தரமானது என்று திரையில் வந்தது. அதன் கீழேயே முதல் கணக்கு. நீல மை. தாள் நனைந்திருந்தது. படத்தில் இப்போது சதுரம் இல்லை.

‘கேட்டுச்சாக்கா? நீங்க சொன்ன நேரந்தான். இனிமே மேல ஏறி வரணும். அதுக்கு எம்புட்டு நேரமாகும், சொல்லுங்கக்கா?’