புண் ஆறிய நாள்

அவள் காலில் சுற்றியிருந்த கட்டின் நுனி உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தது.

"நான் பிளாஸ்திரி போட்டுல்ல ஒட்டுனேன்?" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ், கத்திரிக்கோலும் கையுமாக. "யாரும்மா பிரிச்சுக் கட்டுனது?"

"நான்தாம்மா."

பொய். குனிந்து சொந்தக் கணுக்காலைத் தொட முடியாத இடுப்பு அவளுக்கு. வீட்டிலும் வேறு ஆள் கிடையாது. சட்டைக்கு ஓரம் அடிப்பதுபோலக் கட்டை மடித்துச் செருகுகிறவர் ஒருவர்தான்: அவள் புருஷன், தையல்காரர். எட்டு வருஷமாக அவள் இடது காலை மடியில் தூக்கி வைத்துக் கழுவி, சீழ் வாடைக்கு ஒருநாளும் முகம் சுளிக்காமல் துணி சுற்றியவர். அவர் செத்துப்போய் இரண்டு மாதமாகிறது.

நர்ஸ் அவளுக்கும் தனக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டினாள். புண்ணை ஆற்றும் லேசர் கருவியின் முனை அதன் விளிம்பைச் சுற்றி மெல்ல ஊர்ந்தது. சிவப்பு வெளிச்சம், லேசான இளஞ்சூடு, வலியே இல்லை. முடிந்ததும் காகித அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

"நாலு சென்டிமீட்டர் இருந்தது, ரெண்டரைக்கு வந்திருச்சு! இப்படியே போனா ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்துரலாம்."

அவளும் சிரித்து வைத்தாள்.

அன்று மத்தியானம், ஜன்னலைச் சாத்திவிட்டு, குழாய் சொட்டுவதையும் மாடிவீட்டில் யாரோ நாற்காலி இழுப்பதையும் கேட்டபடி கண்மூடிக் கிடந்தவளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. கால்மாட்டில் மெத்தை மெதுவாக அமுங்கியது. துணி வெட்டும் சத்தம் கறுக், கறுக்கென்று அறை முழுவதும் கேட்டது. குளிர்ந்த விரல்கள் கட்டைப் பிரித்தன. கண்ணைத் திறந்தால் அவர் இருந்துவிடுவாரோ என்று பயம். இல்லாமல் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயம். அவள் திறக்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை லேசர். தினமும் மத்தியானம் அந்த விரல்கள். புண் சுருங்கச் சுருங்க, விரல்கள் அதிக நேரம் தங்கின. மிளகளவுக்கு வந்த அன்று கால்மாட்டிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

"நல்லாயிட்டு வருதுங்க," என்றாள் இருட்டுக்குள். "சந்தோஷப்படுங்க."

விசும்பல் சட்டென்று நின்றது. அது நின்ற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் நர்ஸ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "மூடிருச்சும்மா! இனிமே கட்டே வேணாம்."

எட்டு வருஷத்துக்குப் பிறகு கட்டில்லாத காலோடு வீட்டுக்கு வந்தாள். படுத்தாள். மெத்தை அமுங்கியது. விரல்கள் புதுத் தோலைத் தடவின. தடவித் தடவித் தேடின. எங்குமே பிளவு கிடைக்காமல், வேலை போன மனுஷன் கையைப்போல அப்படியே கிடந்தன.

மூடிய கண்ணோடே சொன்னாள்: "நீங்க பட்ட பாடு போதுங்க. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

பாரம் எழுந்தது. எண்ணெய் வாசம் போனது. அழுது அழுது அப்படியே தூங்கிப்போனாள்.

கறுக், கறுக்கென்ற சத்தத்திலும் கால் எரிச்சலிலும் விழிப்பு வந்தபோது ஜன்னல் இடுக்கில் இன்னும் வெயில் இருந்தது. கண்ணைத் திறந்தாள். அந்த மத்தியான நேரத்தில் முதன்முறையாக.

கால்மாட்டில் யாரும் இல்லை.

மெத்தை மட்டும் குழிந்திருந்தது. ஆள் உட்கார்ந்த குழி.

இடது கால் நன்றாக இருந்தது. வலது கால் வலித்தது. ஒரு நாளும் நோகாத கால். அதில் வெள்ளைத் துணி. கச்சிதமான சுற்று. நடுவில் சிவப்பு, காசளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையளவு.

காலை இழுக்கப் பார்த்தாள். வரவில்லை.

கால் மெத்தையில் இல்லை. ஒரு சாண் உயரத்தில், வெறும் காற்றில், எதன்மீதோ சாய்ந்து கிடந்தது. குதிகாலுக்கடியில் ஒரு மடியின் சூடு.

"வலிக்குதுங்க," என்றாள்.

முழங்காலில் மூச்சுக் காற்று பட்டது. பிரியமாக, பொறுமையாக, கட்டு தானாக அவிழத் தொடங்கியது.